பின்வாசல் குப்பைத் தொட்டி நாற்றம்: என்ன செய்தும் போகவில்லை, வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரே தொல்லை. எங்கள் வீட்டுப் பின்வாசல் குப்பைத் தொட்டி.

வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். இந்தப் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் படிக்குப் பக்கத்தில் மூடி போட்ட 50 லிட்டர் நீல டிரம் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது. நான் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். குப்பை வண்டி பின்தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தொண்டி மீனோ இறாலோ வாங்கினால் திங்கள் மதியமே வாடை ஆரம்பித்துவிடும். செவ்வாய்க்கிழமை படியில் நிற்க முடியாது. எதிர்வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

பினாயில் ஊற்றினேன். அரை மணி நேரம் பினாயில் வாசனை, அப்புறம் இரண்டும் கலந்து இன்னும் மோசம். நாப்தலின் உருண்டை போட்டேன். அம்மா சொன்னார்கள் என்று விறகடுப்புச் சாம்பலை அள்ளி மீன் கழிவு மேல் கொட்டினேன். சாம்பல் போட்டால் நாற்றம் அடங்கும் என்பார்களே, அன்றைக்கு மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை.

நேற்று மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தேன். விளிம்பு மடங்கும் இடத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ முட்டை. தொட்டிக்குள் கழுவிக்கொண்டே இருந்தேன், மூடியின் மடிப்பைப் பார்த்ததே இல்லை.

கண்டனூர் தோட்டம்

டிரம்முக்கு அடியில் நாலு ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்குவதுதான் நாற்றம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கானாடுகாத்தான் காவல்

ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா. நான் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், பதினெட்டு வருஷம் ஆகிறது. இதே யோசனையில் ஓட்டை போட்டோம். உள்ளே இருந்த சாறு வடிந்து படிக்கல்லில் இறங்கிவிட்டது. தொட்டியைத் தூக்கிப் போட்ட பிறகும் கல் மட்டும் ஒரு மாதம் நாறியது. தெரு நாய் தினமும் வந்து அந்த இடத்தை நக்கியது.

இன்னொன்று. தொட்டியை எங்கே வைத்துக் கழுவுகிறீர்கள்? பலபேர் முற்றத்திலோ இரண்டாங்கட்டிலோ வைத்துக் கழுவுகிறார்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. அதில் வினிகர், எலுமிச்சை, ஆசிட் பட்டால் நிறம் மங்கிவிடும், மேல் பளபளப்பு அரித்துவிடும். முகப்பில் இருக்கும் மார்பிளுக்கும் அதே கதிதான். ஒரு தடவை போனால் எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் திரும்பாது. வெளியே மண் தரையில், மழைத் தண்ணீர் ஊருணிக்குப் போகிற வாய்க்காலை விட்டு விலகி வைத்துக் கழுவுங்கள். அந்த வாய்க்காலில் பிளீச்சிங் தண்ணீரை விட்டால் ஊருணிக்குத்தான் போய்ச் சேரும்.

கண்டனூர் தோட்டம்

காவல் அண்ணே சொல்வது சரிதான். எங்கள் தொட்டி தோட்டத்து மண்ணில் இருக்கிறது, வடிகிற சாறு மண்ணுக்குள் போய்விடும். படியிலோ தெருவிலோ வைப்பவர்களுக்கு ஓட்டை ஆகாது. என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

வேதியியல் வாத்தியார், காரைக்குடி

தங்கச்சி, சாம்பல் ஏன் கெடுத்தது என்று கேட்டீர்களே, அதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் நாற்றத்துக்கு ஒரே பெயர் இல்லை. கவிச்சி வேறு, புளிச்ச வாடை வேறு, அழுகின முட்டை வாடை வேறு. பெயர் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு, மூன்றும் வேதியியலில் வேறு வேறு பொருள்கள். எந்த வாடை என்று மூக்கு சொல்லிவிட்டால் மருந்து தானாகத் தெரிந்துவிடும்.

கடல் மீனின் உடம்பில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றும். அதுதான் கவிச்சி. கண்மாய்க் கெண்டையில் இந்தப் பொருள் மிகக் குறைவு, அதனால்தான் கடல் மீன் கழிவு கிளப்பும் கவிச்சி அதில் அவ்வளவாக வருவதில்லை. இந்த அமீன் ஒரு காரம். அமிலம் பட்டால் உப்பாகி அங்கேயே கிடந்துவிடும், காற்றில் பறக்காது. மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதன் வேலை இதுதான். சாம்பலும் காரம்தான். காரத்தின் மேல் காரத்தைக் கொட்டினால், பாதி அடங்கிக் கிடந்த அமீனும் வாயுவாகக் கிளம்பி வெளியே வரும். அன்றைக்கு நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது இதனால்தான்.

ஆனால் அம்மா சொன்னது தப்பில்லை. பழைய சோறு, தோசை மாவு, சாம்பார் மிச்சம் இவையெல்லாம் புளித்து அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாகும். அந்தப் புளிச்ச வாடைக்குச் சாம்பல் நல்ல மருந்து, ஆப்ப சோடாவும் நல்லது. மீன் வராத காலத்தில் அம்மா சாம்பல் போட்டு அடங்கியிருக்கும், அந்த அனுபவத்தில் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது, அழுகின முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் போகாமல் ஈரம் தேங்கும் அடிப்பகுதியில்தான் பிறக்கும். அதற்கு எதைத் தூவினாலும் பயனில்லை, ஈரத்தை எடுத்துக் காற்றை விட வேண்டும்.

பினாயில் இந்த மூன்றில் எதையும் மாற்றுவதில்லை, மேலே இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது. நாப்தலின் உருண்டையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும், அது விஷம்.

தேவகோட்டை சமையல்

வாத்தியார் சொன்னதை நாங்கள் கையால் தெரிந்துவைத்திருக்கிறோம். கல்யாணச் சமையல் எங்கள் தொழில். முந்நூறு இலை போட்ட பந்தியில் இலையை அப்படியே சுருட்டித் தொட்டியில் போட்டால் சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் நிற்க முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் முதலில் இலையைச் சாய்த்து ரசம், மோர், பாயசத்தை ஒரு வாளியில் வடித்துவிடுவார்கள். அப்புறம்தான் இலை தொட்டிக்குப் போகும். அந்த ஒரு வேலையை விட்ட அன்றைக்கெல்லாம் வீட்டுக்காரர்கள் எங்களைத் திட்டியிருக்கிறார்கள்.

வீட்டிலும் அப்படியே செய்யுங்கள் அக்கா. ஓட்டையான பழைய பிளாஸ்டிக் வடிகூடை ஒன்றை முற்றத்தின் மூலையில் வையுங்கள். காய்த்தோல், காபித்தூள், சோற்று மிச்சம் எல்லாம் அதில் ஒரு மணி நேரம் வடியட்டும். கையால் ஒரு பிழி. அதற்கப்புறம் வெளித்தொட்டி. காபித்தூள் எவ்வளவு தண்ணீர் பிடித்துவைத்திருக்கும் என்று பிழிந்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

இறால் ஓடு, மீன் செதில், கோழித்தோல் இவற்றைக் கழுவி, கையளவு புளித்தண்ணீர் தெளித்து, பழைய செய்தித்தாளில் மடித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வண்டி வருகிற காலையில் எடுத்துக் கொடுத்தால் போதும்.

கோட்டையூர் மருமகள்

ஃப்ரீசரா? எங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். சாமி பாலும் அதில்தான் இருக்கிறது. வேறு வழி உண்டா?

கண்டனூர் தோட்டம்

குழி வெட்டுங்கள். ஒன்றரை அடி ஆழம் வேண்டும், நம் செம்பூராங்கல் பூமியில் கடப்பாரை இல்லாமல் இறங்காது. மழை பெய்த மறுநாள் வெட்டினால் சுலபம். மீன் கழிவைப் போட்டு மண்ணை மூடி, மேலே கருவேல முள்ளைப் போட்டுக் கல்லை வைத்துவிட வேண்டும். முள் இல்லாவிட்டால் ராத்திரியே நாய் தோண்டிவிடும். பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் ஆறு மாதத்தில் இலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

புதுவயல் மில் வீடு

நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் உமியைப் பற்றிப் பேசவில்லையே! புதுவயலைச் சுற்றி இத்தனை அரிசி மில் இருந்தும் உமியை யாரும் நினைக்கவில்லை.

தொட்டியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு உமி. ஒவ்வொரு தடவை குப்பை போட்டதும் மேலே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். உமி ஈரத்தை வாங்கிக்கொள்ளும், நடுவில் இடைவெளி விட்டு நிற்பதால் காற்றும் போகும். வாத்தியார் சொன்ன அமிலம், காரம் என்ற வம்பே அதில் இல்லை, மீனுக்கும் போடலாம் சோற்றுக்கும் போடலாம். தொட்டியைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டாமல் மொத்தமாகக் கழன்று விழும். எங்கள் வீட்டில் தொட்டியைக் கழுவுவதே மாதம் இரண்டு தடவைதான்.

மில்லில் எரித்த உமிச்சாம்பலை எடுத்துவராதீர்கள், உமியாகவே வேண்டும். சாம்பலுக்குள் கங்கு இருந்தால் பிளாஸ்டிக் டிரம் உருகிவிடும், தீயே பிடிக்கலாம்.

வேதியியல் வாத்தியார், காரைக்குடி

உமி மிக நல்ல யோசனை. எனக்கு இது தோன்றவில்லை. காய்ந்த வேப்பஞ்சருகை நொறுக்கிப் போட்டாலும் ஓரளவு இதே வேலை நடக்கும்.

கோட்டையூர் மருமகள்

எல்லோரும் தூவுவதைப் பற்றிச் சொல்கிறீர்கள். கழுவுவதைப் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், பயந்துபோய்ச் சொல்கிறேன்.

போன கத்திரி வெயிலில் தொட்டி நாறுகிறது என்று முதலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். கறை போகவில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றிவிட்டேன். குபுகுபுவென்று நுரைத்து மஞ்சள் பச்சையாக ஒரு புகை வந்தது. தொண்டையில் யாரோ கையை விட்டு அமுக்கியது மாதிரி இருந்தது. கண்ணெல்லாம் எரிந்து, மூச்சு வாங்க முடியாமல் திண்ணைக்கு ஓடி வந்து விழுந்தேன். மூன்று நாள் இருமல். மூடிய கட்டுக்குள் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. தயவுசெய்து யாரும் இரண்டையும் கலக்காதீர்கள்.

வேதியியல் வாத்தியார், காரைக்குடி

அது குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் மட்டுமல்ல, வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எந்த அமிலமும் சேரக்கூடாது. நான் மேலே புளி சொன்னேன், பிளீச்சிங் போடுகிற அன்று புளியைத் தொடாதீர்கள். அம்மோனியா உள்ள கிளீனரும் ஆகாது, அதில் வேறொரு விஷவாயு வரும்.

கழுவுகிற முறை இது. பிளீச்சிங் பவுடரை அழுக்கின் மேல் போட்டால் அதன் சக்தி முழுவதும் அழுக்கோடு வீணாகிவிடும். அதனால் முதலில் தென்னை நாரால் சோப்புத் தண்ணீர் விட்டு வழவழப்புப் போகத் தேய்க்க வேண்டும். அந்த வழவழப்புக்குள்தான் பாக்டீரியா கூட்டமாகக் குடியிருக்கிறது, அதைத் தேய்க்காமல் எந்த மருந்தும் உள்ளே போகாது. நன்றாக அலசிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து உள்ளே எல்லா இடத்திலும் படும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். மறுபடி அலசி, வெயிலில் சாய்த்து வைத்துவிட வேண்டும். காய்கிற வரை குப்பை போடக்கூடாது. ஈரத்தோடு திரும்ப வைத்தால் கழுவியதே வீண்.

மூடியின் மடிப்பில் ஈ முட்டை என்றீர்கள். வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் புழுவாகும். நம் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டி முழுதாகக் காலியானால் எந்தப் புழுவும் ஈயாகும் அளவுக்குத் தங்காது. உங்கள் தொட்டி முழுதாகக் காலியாகிறதா?

பள்ளத்தூர் மகள்

இல்லை சார். வண்டிக்காரர் மேலே இருப்பதை அள்ளிக்கொள்வார். டிரம் ஆழமாக இருப்பதால் அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். நானும் மாதம் ஒருமுறைதான் கவிழ்ப்பேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

தூய்மைப் பணியாளர் வீட்டுப் பையன்

அக்கா, என் அம்மா பேரூராட்சிக் குப்பை வண்டியில் வேலை செய்கிறார். உங்கள் ஊர் இல்லை, ஆனால் எல்லா ஊரிலும் இதேதான் நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

50 லிட்டர் டிரம்மை ஈரக் குப்பையோடு தூக்கிக் கவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆளாகப் போனால் கையை விட்டுத்தான் அள்ள முடியும். அம்மா சாயங்காலம் வந்து கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது முகர்ந்து பார்ப்பார். கண்ணாடிச் சில்லு குத்தின தழும்பு இரண்டு இருக்கிறது.

டிரம்மை விட்டுவிடுங்கள். 12 லிட்டர் மூடி போட்ட வாளி ஒன்று மக்கும் குப்பைக்கு. ஒரே கையால் தூக்கிக் கவிழ்த்துவிடலாம், அடியில் எதுவும் தங்காது. பால் கவர், பேப்பர், பாட்டில் இதையெல்லாம் அலசிக் காயவைத்துச் சாக்கில் தனியாகக் கொடுங்கள், அது வாரம் ஒரு தடவை போனாலும் நாறாது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதியிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். நாப்கின், டயப்பர் இவற்றைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்தால் அம்மா பிரித்துப் பார்க்க மாட்டார்.

கானாடுகாத்தான் காவல்

தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டு டிரம்மையும் இந்த வாரமே மாற்றுகிறேன்.

பெரிய வீடுகளுக்கு ஒரு சேதி. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று பத்து நாள் வந்து தங்கிவிட்டு எல்லோரும் சென்னைக்குக் கிளம்பும்போது தொட்டியை அப்படியே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலியாக்கி, கழுவி, காயவைத்து, கவிழ்த்துவிட்டுப் போங்கள். மூடியையும் கவிழ்த்து வையுங்கள். மூடியின் பள்ளத்தில் ஒரு கரண்டி மழைத் தண்ணீர் நின்றால் போதும், டெங்கு கொசு அதில் முட்டையிட்டுவிடும். அந்த முட்டை கொசுவாகவும் ஒரு வாரம், பத்து நாள்தான் கணக்கு.

பள்ளத்தூர் மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் எப்படி ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள்.

டிரம்மைக் கழுவிக் காயவைத்து, அரிசி மூட்டை அடுக்கும் அறையில் வேறு உபயோகத்துக்கு வைத்துவிட்டேன். 12 லிட்டர் வாளி வாங்கினேன். வடக்குச் சுவர் நிழலில் இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். வாளியின் கழுத்துப் பக்கம், மூடிக்குக் கீழே, சுற்றிலும் சூடு வைத்த கம்பியால் எட்டு ஓட்டை போட்டு உள்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டிவிட்டேன். காற்றுப் போகும், ஈ போகாது, சாறும் வடியாது. நாய் தள்ளாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை மூடிக்கு மேலே இழுத்து மாட்டியிருக்கிறேன், அம்மாவால் சுலபமாகக் கழற்ற முடிகிறது.

வடிகூடை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் வேலை விட்டு வருவதற்குள் பிழிந்து வைத்துவிடுகிறார். பிழிந்த தண்ணீரை அளந்து பார்த்தேன், ஒருநாள் ஒரு சொம்புக்கு மேல் இருந்தது. இவ்வளவும் தினமும் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

முதல் ஞாயிறு பயந்துகொண்டே இறால் வாங்கினேன். ஓட்டில் புளித்தண்ணீர் தெளித்துப் பேப்பரில் மடித்து ஃப்ரீசரில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் போட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் படியில் உட்கார்ந்து பூக்கட்டினேன். போன வாரம் ஒரு நாள் சோற்று மிச்சம் அதிகமாகிப் புளிச்ச வாடை லேசாக வந்தது, அம்மா ஒரு பிடி சாம்பல் போட்டார்கள், அடங்கிவிட்டது. அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம்.

உமி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு வேப்பஞ்சருகுதான் போடுகிறேன். மழை வந்தால் சருகு காயாது. புதுவயல் அண்ணே, மில்லில் சில்லறையாகக் கொடுப்பார்களா?

எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள். நேற்று அந்த ஜன்னல் வழியாகவே கூப்பிட்டு, அந்த வடிகூடை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.

புதுவயல் மில் வீடு

இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வாங்க தங்கச்சி, ஒன்று உங்களுக்கு, ஒன்று ஆச்சிக்கு. காசெல்லாம் வேண்டாம். சாக்கு வாயைக் கட்டக் கயிறு கொண்டு வாங்க, இல்லையென்றால் பஸ் முழுக்கப் பறக்கும்.